லைனில் மூன்றாவது ஆள்

செங்காடு கூட்டுரோட்டில் போன் வைத்திருந்த அத்தனை பேருக்கும் ஞானமதியின் குரல் தெரியும். முகம் தெரிந்தவர்கள் அதில் பாதிகூட இருக்கமாட்டார்கள். கடைத்தெருவில் அவள் காய்கறி வாங்கிக்கொண்டு நிற்பாள். பக்கத்தில் நிற்கிற அரிசி ஆலைக்காரர் அவளைத் திரும்பிக்கூடப் பார்க்கமாட்டார். அவள் வாயைத் திறந்து, "முருங்கக்கா எப்பிடிங்க?" என்று கேட்டதும் சட்டென்று திரும்பி, "அட, எக்ஸ்சேஞ்ச் அம்மாவா?" என்பார்.

திண்டிவனத்திலிருந்து விழுப்புரம் போகிற ரோட்டில், மயிலத்துக்குப் பிரியும் வழியைத் தாண்டிக் கொஞ்சம் தெற்கே இருந்தது செங்காடு. அரிசி ஆலைகள், வேர்க்கடலையை வாங்கி விற்கிற மல்லாட்டை மண்டிகள், ஒரு சினிமாக் கொட்டகை, ஓட்டுக் கட்டடம் ஒன்றில் டெலிபோன் எக்ஸ்சேஞ்ச். எண்பதுகளிலும் அங்கே ஆள் உட்கார்ந்து ஒயர் செருகி இணைப்புக் கொடுக்கும் பழைய பலகைதான். ஊருக்குள் யாராவது போனின் கைப்பிடியைச் சுற்றினால், பலகையில் அவர் எண்ணுக்கு நேரே ஒரு சின்ன மூடி டக்கென்று விழும். ஞானமதி ஒயரைச் செருகி "நம்பர் ப்ளீஸ்" என்பாள். கேட்ட எண்ணில் ஒயரின் மறுமுனையைச் செருகி, அந்தப் பக்கம் ஆள் எடுத்துவிட்டார் என்று தெரிந்ததும் விசையைத் தள்ளிவிட்டு ஒதுங்கிக்கொள்வாள். விசையைத் தள்ளாமல் விட்டால் பேசுகிற அத்தனையும் அவள் காதில் விழும். தள்ளுவதும் தள்ளாததும் அவள் கையில்தான் இருந்தது.

வல்லம் பக்கத்துச் சமண நயினார் வீட்டுப் பெண் அவள். காதில் விழுவதை வெளியே சொல்லமாட்டேன் என்று வேலைக்குச் சேர்ந்த அன்று உறுதி கொடுத்திருந்தாள். அப்படி உறுதி கொடுத்த எல்லோரும் அதை அவளைப்போல எடுத்துக்கொண்டார்கள் என்று சொல்ல முடியாது. வெளியூருக்குப் போடும் ட்ரங்க் கால் என்றால் மூன்று நிமிஷத்துக்கு ஒருமுறை நடுவில் புகுந்து நேரம் சொல்லியாக வேண்டும். எவ்வளவு ஒதுங்கினாலும் துண்டு துண்டாக ஏதாவது விழத்தான் செய்யும். யார் வீட்டுப் பெண் பெங்களூருக்குப் போய்விட்டாள், எந்த ஆஸ்பத்திரியில் யாருக்கு என்ன சொல்லிவிட்டார்கள் என்பதெல்லாம் ஊருக்குத் தெரிவதற்கு முன்பே அவளுக்குத் தெரியும். அவள் புருஷன் அனந்தராஜ் மல்லாட்டை மண்டி வைத்திருந்தான். கல்யாணமான புதிதில் ஒருநாள், "மெட்ராஸ் எண்ணெ மில்லுக்காரங்க காலைல இன்னா வெல சொன்னாங்க மதி?" என்று பேச்சுவாக்கில் கேட்டான். "கடைல போயி கேளுங்க" என்றாள். அவன் ரெண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்துவிட்டு, பிறகு சிரித்துவிட்டான். அதற்கப்புறம் கேட்டதே இல்லை.

எண்பத்தேழாம் வருஷம் கோடையில், அரிசி ஆலையில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்த சின்னதுரை என்பவனைத் திருட்டு விசாரணை என்று போலீஸ் ஸ்டேஷனுக்குக் கூட்டிப்போனார்கள். மறுநாள் பிணமாகத் திருப்பிக் கொடுத்தார்கள். வலிப்பு வந்து செத்தான் என்று சொன்னார்கள். அவனைக் கூட்டிப்போன அன்று அவன் மனைவி சவுரியம்மாள் கேப்பைக்கூழ் எடுத்துக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போயிருந்தாள். ஜன்னல் வழியாக அவள் பார்த்ததைக் கேட்க அந்த ஊரில் ஒரே ஒரு ஆள்தான் தயாராக இருந்தார்: வக்கீல் சக்கரபாணி.

சக்கரபாணி திண்டிவனம் கோர்ட்டில் தொழில் செய்தார், வீடு செங்காட்டில். மெட்ராஸில் சிவில் உரிமை என்று பேசுகிற வக்கீல்களோடு அவருக்குத் தொடர்பு உண்டு. தபாலைப் பிரித்துப் பார்க்க அரசாங்கத்துக்கு அதிகாரம் கொடுக்கும் மசோதா ஒன்று டில்லியில் நிறைவேறி, ஜனாதிபதி கையெழுத்துப் போடாமல் வைத்திருந்த சமயம் அது. "கவர ஒட்டி அனுப்புறது எதுக்கு? அடுத்தவன் படிக்கக் கூடாதுன்னுதானே?" என்று டீக்கடையில் உரக்கப் பேசுவார். கேட்கிறவர்கள் தலையாட்டிவிட்டுப் பேப்பரில் சினிமா விளம்பரம் பார்ப்பார்கள்.

சவுரியம்மாளையும் அவள் பிள்ளையையும் அவர் கண்டாச்சிபுரத்தில் அரிசிக்கடை வைத்திருந்த தன் உறவுக்காரர் ஒருவர் மூலம் அங்கே பத்திரமாகத் தங்க வைத்தார். கோர்ட்டில் வாக்குமூலம் கொடுக்கும்வரை அவள் இருக்கும் இடம் யாருக்கும் தெரியக் கூடாது என்பது ஏற்பாடு.

எக்ஸ்சேஞ்சில் மேற்பார்வையாளராக இருந்தவர் சீனுவாசன். ஒருநாள் மத்தியானம் அவர் ஞானமதியைத் தன் மேஜைக்குக் கூப்பிட்டார். எதிரே வெள்ளைச் சட்டை போட்ட ஒருவர் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். போலீஸ் என்று யாரும் சொல்லவில்லை. சொல்ல வேண்டியும் இருக்கவில்லை.

"ஒரு சின்ன ஒத்தாசம்மா" என்றார் சீனுவாசன். "வக்கீல் சக்கரபாணி லைன்ல யார் பேசினாலும் கொஞ்சம் காத குடுத்து கேட்டுக்கோங்க. சாயந்திரம் சாராண்ட சொன்னா போதும்."

"எழுத்துல ஆர்டர் இருக்குதா சார்?"

சீனுவாசன் வெள்ளைச் சட்டைக்காரரைப் பார்த்தார். அவர் டம்ளரைக் கீழே வைத்தார்.

"எல்லாத்துக்கும் பேப்பரு கேட்டா எப்பிடிம்மா? ஊரு நல்லதுக்குத்தான கேக்கறோம்."

"ஆர்டர் வந்தாலும் அத வேற யாராவது பாத்துக்கட்டும் சார். நா கேக்கமாட்டேன்."

அவர் கோபப்படவில்லை. "உங்க வூட்டுக்காரரு மல்லாட்ட மண்டி வச்சிருக்காரு இல்ல?" என்று விசாரித்தார். ஆமாம் என்றாள். "நல்லா நடக்குதா?" என்று கேட்டுவிட்டு மீதி டீயைக் குடித்தார்.

அதற்கு அடுத்த வாரம், பழைய பாட்டரியும் அறுந்த ஒயரும் போட்டு வைத்திருந்த உள்ளறையைச் சுத்தம் செய்தார்கள். பலகைக்குப் பின்பக்கத்திலிருந்து ஒரு ஜோடிக் கம்பி சுவரோடு ஒட்டி அந்த அறைக்குள் போனது. காலையில் ஒரு ஆள் வருவான், கதவைச் சாத்திக்கொள்வான், சாயந்திரம் போவான். யாரோடும் பேசமாட்டான். ஞானமதியோடு வேலை செய்த அம்சா, பலகையில் ஒயரைச் செருகிக்கொண்டே தலையைத் திருப்பாமல் சொன்னாள்: "வக்கீல் லைன கேக்கறாங்கக்கா. லைன்மேன் சொன்னான். நாம பாக்காத மாதிரி இருந்துட்டு போயிடலாம்."

அன்று வீட்டில் அனந்தராஜிடம் சொன்னாள். பதினைந்து வருஷத்தில் எக்ஸ்சேஞ்ச் விஷயம் ஒன்றை அவள் வீட்டில் பேசியது அதுதான் முதல் தடவை. அவன் சாப்பிட்டுக்கொண்டிருந்த கையை நிறுத்திவிட்டான்.

"நீ கேக்கல இல்ல?"

"இல்ல."

"அப்ப உம்மேல பாவம் இல்ல. வுடு."

"அவருக்கு தெரியாதுங்க. தெரியாமலே பேசிக்கினு இருக்காரு."

"அத நீ போயி சொன்னா அதுவும் வெளிய சொன்னதுதான? நீதான் வாயே தொறக்கமாட்டேன்னு வந்தவ."

கேட்டதைச் சொல்லக் கூடாது என்று தெரியும். வேறொருவன் கேட்கிறான் என்பதையும் சொல்லக் கூடாதா என்று யாரைப் போய்க் கேட்பது? அந்த யோசனையிலேயே நாட்கள் போயின. சக்கரபாணியின் மூடி விழும்போதெல்லாம் ஒயரைச் செருகி, "நம்பர் ப்ளீஸ்" என்பாள். "நல்லா இருக்கீங்களாம்மா?" என்பார் அவர். அப்படி விசாரிக்கிற ஒரே சந்தாதாரர் அவர்தான்.

ஒரு வியாழக்கிழமை காலை அவர் கண்டாச்சிபுரத்து அரிசிக்கடைக்கு ட்ரங்க் கால் கேட்டார். விழுப்புரம் வழியாகத்தான் அது கிடைக்கும். கிடைத்தது. அந்தப் பக்கம் எடுத்தது காதில் விழுந்ததும் விசையைத் தள்ளப்போனாள். அதற்குள் அவர் பேசத் தொடங்கிவிட்டார்.

"அந்தம்மா அங்கதான இருக்குது? நாளைக்கு மெட்ராஸ்ல இருந்து ஆளுங்க வர்றாங்க, நீங்க எந்தத் தெருன்னு..."

சுவரோடு ஓடிய கம்பியை அவள் பார்த்தாள். நடுவில் புகுந்து, பேசாதீங்க சார் என்று ஒரு வார்த்தை சொல்லிவிடலாம். ஆனால் அந்த வார்த்தையும் உள்ளறையில் இருப்பவன் காதில் விழும். யோசிக்க நேரமில்லை. "லைன் சரியில்ல சார், அப்புறமா பேசுங்க" என்று சொல்லி ஒயரை உருவிவிட்டாள்.

மூடி உடனே மறுபடியும் விழுந்தது. அவள் எடுக்கவில்லை. திரும்பத் திரும்ப விழுந்தது. ஆபீஸ் நம்பருக்கு வேறு போனிலிருந்து புகார் போயிருக்க வேண்டும். சீனுவாசன் வந்து பக்கத்தில் நின்றார்.

"எழுந்திரிம்மா."

"சார், கண்டாச்சிபுரம் லைன்ல ஒரே எரைச்சலு..."

"எழுந்திரின்னேன்."

அவரே நாற்காலியில் உட்கார்ந்து, ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு, அந்த இணைப்பைப் போட்டுக் கொடுத்தார். "மன்னிச்சிக்கோங்க வக்கீல் சார், ஆப்பரேட்டர் தப்பு" என்றார் குழைவாக. சக்கரபாணி தெருப் பெயரையும் வீட்டு அடையாளத்தையும் கேட்டுத் திருப்பிச் சொல்லிச் சரிபார்த்துக்கொண்டார். உள்ளறைக் கதவு திறந்தது. அந்த ஆள் வெளியே போன வேகத்தை ஞானமதி பார்த்தாள்.

தலைவலி என்று சொல்லிவிட்டுச் செருப்பைக்கூட ஒழுங்காக மாட்டாமல் வக்கீல் வீட்டுக்கு ஓடினாள். அவர் கோர்ட்டுக்கு பஸ் ஏறிவிட்டிருந்தார். அவர் மனைவி ராஜாமணி வாசலில் வற்றல் காயவைத்துக்கொண்டிருந்தாள்.

"ஐயாவாண்ட ஜல்தி சொல்லணுங்க. உங்க போன்ல வேற ஆளு கேக்கறாங்க. அந்தம்மா இருக்கிற எடத்த மாத்த சொல்லுங்க."

ராஜாமணி நிமிர்ந்து அவளை ஏற இறங்கப் பார்த்தாள். அந்தக் குரலை அவளுக்கு அடையாளம் தெரிந்தது.

"காலைல லைன கட் பண்ணது நீதான?"

"ஆமாங்க. அவரு எடத்த சொல்லக் கூடாதுன்னுதான்..."

"நீ கேட்டுக்கினு இருந்தாத்தான அவரு இன்னா சொல்றாருன்னு உனக்கு தெரியும்?"

அந்தக் கேள்விக்கு உண்மையான பதில் இருந்தது. ஆனால் அதைச் சொல்லி முடிப்பதற்குள் ராஜாமணி உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

அன்று மத்தியானமே கண்டாச்சிபுரத்துக்கு ஜீப் போய்விட்டது. வக்கீல் சாயந்திரம் பஸ்ஸை விட்டு இறங்கும்போது சவுரியம்மாளும் பிள்ளையும் எங்கே இருக்கிறார்கள் என்றே யாருக்கும் தெரியவில்லை. சில நாள் கழித்து அவள் மாஜிஸ்ட்ரேட் முன்னால் நின்று, தன் புருஷனுக்குச் சின்ன வயதிலிருந்தே வலிப்பு உண்டு என்று சொன்னாள். கேட்ட கேள்வி எல்லாவற்றுக்கும் தரையைப் பார்த்தபடியே ஆமாம் என்றாள். வழக்கு அதோடு படுத்துவிட்டது.

ஊருக்குக் கதை எழுத அதிக நேரம் ஆகவில்லை. எக்ஸ்சேஞ்ச் அம்மா ஒட்டுக் கேட்டாள். போலீஸ் போய்ச் சேரும்வரை லைனைக் கட் பண்ணி இழுத்தடித்தாள். பிறகு நல்லவள்போல வக்கீல் வீட்டுக்கு வந்து மோப்பம் பிடித்தாள். அவள் செய்தது ஒவ்வொன்றும் அந்தக் கதையில் அச்சாகப் பொருந்தியது. காய்கறிக் கடையில் அவள் வாயைத் திறந்தால் பக்கத்தில் பேச்சு நின்றுபோகும். போனில் "நம்பர் ப்ளீஸ்" என்றால், எண்ணைச் சொல்லிவிட்டு, "நீ போயிடும்மா, நாங்க பேசணும்" என்று வெளிப்படையாகவே சொன்னார்கள். பெரிய மண்டிக்காரர் ஒருவர், "என் சரக்கு வெல உம் புருஷன் காதுக்கு எத்தினி வருஷமா போவுது?" என்று கேட்டார். பதினைந்து வருஷமாக வாயைக் கட்டி வைத்திருந்ததற்கு அவளுக்கு ஊர் கொடுத்தது அது.

சக்கரபாணி ஒருநாள் எக்ஸ்சேஞ்ச் வாசலில் அவளுக்காகக் காத்திருந்தார். கத்தவில்லை. ஆள் இளைத்திருந்தார்.

"உங்க குரலத்தாம்மா நான் நம்பினேன்" என்றார். "ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. நீங்களா?"

ரோட்டோரம் நின்றபடியே அவள் எல்லாவற்றையும் சொன்னாள். வெள்ளைச் சட்டைக்காரர், உள்ளறை, கம்பி, கதவு திறந்தது. அவர் நடுவில் குறுக்கிடவே இல்லை. முடித்ததும், "இத கோர்ட்ல சத்தியம் பண்ணி சொல்வீங்களா?" என்றார். "கவர்மெண்டு சட்டப்படி ஆர்டர் போடாம ஒருத்தர் பேச்ச கேக்க முடியாது. உங்க சாட்சி ஒண்ணு போதும்."

கடைசியில் ஒருவராவது தன்னை நம்பினாரே என்றிருந்தது அவளுக்கு. அதனால்தானோ என்னவோ, சரி என்றாள்.

அவள் பிரமாண வாக்குமூலம் கொடுத்த வாரமே அனந்தராஜின் மண்டிக்கு அதிகாரிகள் வந்தார்கள். தராசு சரியில்லை, லைசென்ஸ் சரியில்லை என்று சொல்லிப் பூட்டினார்கள். அதைவிட வேறொன்றுதான் அவனை உடைத்தது. ஸ்டேஷனுக்குக் கூப்பிட்டு உட்கார வைத்து, வெள்ளைச் சட்டைக்காரர் அவனிடம் சிரித்துக்கொண்டே பேசினாராம். ஞானமதியின் தங்கைக்குக் குழந்தை தங்காததுபற்றியும், அதற்குப் பாண்டிச்சேரியில் பார்க்கிற டாக்டர்பற்றியும், மண்டி போனில் அக்காவும் தங்கையும் அழுதுகொண்டு பேசியதுபற்றியும்.

வீட்டுக்கு வந்தவன் முகம் கழுவாமல் அப்படியே சுவரில் சாய்ந்தான்.

"நம்ம வூட்டு பேச்ச எனக்கே திருப்பி சொல்றான் மதி. உன் தங்கச்சி எங்கிட்டகூட சொல்லாதத அவன் சொல்றான். எனக்கு ஒடம்புல துணியே இல்லாத மாதிரி இருந்துச்சி."

"நா வாபஸ் வாங்கிக்கட்டுமாங்க?"

"வாங்கினா மட்டும் அவன் கேட்டது கேக்காததாயிடுமா?"

அதன்பிறகு அந்த வீட்டில் இருவரும் தணிந்த குரலிலேயே பேசினார்கள். போன் இருந்தது மண்டியில்தான், வீட்டில் இல்லை. இருந்தும் அப்படித்தான் பேசினார்கள்.

இலாகா விசாரணை விழுப்புரத்தில் ஒரு பயணியர் மாளிகையில் நடந்தது. விசாரிக்க வந்த அதிகாரி வயசானவர், மரியாதையாகத்தான் பேசினார். உள்ளறையை ஏற்கெனவே போய்ப் பார்த்துவிட்டதாகச் சொன்னார். அங்கே விளக்குமாறும் பழைய பாட்டரியும்தான் இருந்தன. சுவரில் கம்பி எதுவும் இல்லை. புதுச் சுண்ணாம்பு மட்டும் அடித்திருந்தது. சீனுவாசன் அப்படி ஒரு ஆள் வந்ததே இல்லை என்றார். லைன்மேன் தெரியாது என்றான். அம்சா உள்ளே வந்து, ஞானமதியைப் பார்க்காமல், "நா ஒண்ணும் பாக்கலைங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

"நடந்துக்கிட்டிருந்த ட்ரங்க் காலை நீங்க துண்டிச்சீங்களா?" என்று கேட்டார் அதிகாரி.

"ஆமா சார்."

"சந்தாதாரர் பேசினதுல காதில் விழுந்ததை அவர் மனைவியிடம் போய்ச் சொன்னீங்களா?"

"எச்சரிக்கத்தான் சார் சொன்னேன்."

"சொன்னீங்களா, இல்லையா?"

"சொன்னேன்."

அவர் பேனாவை மூடினார். "அப்போ நான் மேலே கேக்கறதுக்கு எதுவும் இல்லைம்மா. ரகசியம் காப்பேன்னு நீங்கதானே உறுதி கொடுத்திருக்கீங்க."

வேலை போயிற்று. பேச்சு ரகசியத்தைக் காக்கத் தவறிய குற்றத்துக்காக என்று உத்தரவில் இருந்தது. அந்த எக்ஸ்சேஞ்சில் ரகசியம் காக்கத் தவறியதாகத் தண்டனை பெற்றவள் அவள் ஒருத்திதான்.

சக்கரபாணி ஹைகோர்ட்டில் போட்ட மனு ஆதாரம் இல்லை என்று தள்ளப்பட்டது. மேலே போகலாம் என்று முதலில் சொன்னார். பிறகு பார்க்கலாம் என்றார். அவரிடம் வழக்குக் கொடுக்கவே ஆட்கள் பயந்தார்கள். அவரோடு போனில் பேசினாலே பேஜாரு என்றார்கள். ஒரு வருஷத்துக்குள் வீட்டைக் காலி செய்துகொண்டு மெட்ராஸுக்குப் போனார். போகும்போது ஞானமதியிடம் சொல்லிக்கொள்ளத்தான் வந்தார். ஆனால் வாசலில் நின்றபடியே, "உடம்ப பாத்துக்கோங்கம்மா" என்று மட்டும் சொல்லிவிட்டுத் திரும்பினார்.

அனந்தராஜும் அவளும் விழுப்புரத்துக்கு வந்து, ரயில்வே காலனிக்குப் பின்னால் ஒரு சின்ன போர்ஷனில் குடியிருந்தார்கள். அவன் வேறொருவர் மண்டியில் எடை பார்த்தான். தங்கை பேச்சை நிறுத்திவிட்டாள். தன் கதையை வெளியே விட்டது அக்காதான் என்று அவள் நினைத்தாள். இல்லை என்று சொல்ல வேண்டுமானால் எல்லாக் கதையையும் மறுபடி சொல்ல வேண்டும். ஞானமதிக்கு அதற்குத் தெம்பில்லை.

எண்பத்தொன்பதில் செங்காட்டில் தானியங்கி எக்ஸ்சேஞ்ச் திறந்தார்கள். பந்தல் போட்டு, மேளம் வைத்து, அமர்க்களமாக நடந்தது என்று அங்கிருந்து வந்த ஒருவர் அனந்தராஜிடம் சொன்னார். "இனிமே நடுவுல ஆளே கெடையாது. நாமளே நம்பர சுத்திக்க வேண்டியதுதான். ஒட்டு கேக்கற வேலையெல்லாம் அதோட போச்சி" என்று சந்தோஷப்பட்டார். உள்ளே அரிசி களைந்துகொண்டிருந்த ஞானமதிக்கு அது கேட்டது. தள்ளுவதற்கு ஒரு விசையும், தள்ளலாமா என்று யோசிக்க ஒரு ஆளும் இல்லாத லைனை அவள் நினைத்துப் பார்த்தாள். அவளை எழுந்திரி என்று சொல்லக்கூட இனி யாருக்கும் அவசியம் இருக்காது. வந்தவர் காபி குடித்துவிட்டுப் போனார்.

அந்த வருஷம் மழைக்கு முன்னால் ஒருநாள், விழுப்புரம் பஸ் ஸ்டாண்டில் வேகவைத்த மல்லாட்டையைக் கூடையில் வைத்து விற்றுக்கொண்டிருந்த பெண் ஒருத்தியை ஞானமதி பார்த்தாள். மாஜிஸ்ட்ரேட் முன்னால் நின்ற அன்று, கோர்ட் வாசலில் தூரத்திலிருந்து ஒரே ஒருமுறை பார்த்த முகம். சந்தேகத்தோடு கிட்டே போனாள்.

"நீ சவுரியம்மாதான?"

அவள் அளக்கிற படியைக் கூடைக்குள் வைத்தாள். "நீங்க யாரும்மா?"

"செங்காடு. உன் வூட்டுக்காரரு விஷயமா வக்கீல் சார் பாத்தாரே, அப்ப நா எக்ஸ்சேஞ்சுல..."

சவுரியம்மாள் எதிர்க்கடையைப் பார்த்தாள். பின்பக்கம் திரும்பிப் பார்த்தாள். பஸ்ஸுக்கு நின்ற ஒருவர் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார், அவரையும் பார்த்தாள்.

"எனக்கு ஒண்ணும் தெரியாதும்மா" என்றாள். "அவருக்கு வலிப்பு. நா அப்பவே சொல்லிட்டேன்."

"நா போலீஸ் ஆளு இல்ல சவுரியம்மா."

"யாரா இருந்தா இன்னாம்மா? எம் புள்ள எந்த ஸ்கூலு, எந்தப் பெஞ்சுல குந்துறான்னு மொதக்கொண்டு சொன்னாங்க. வக்கீலாண்ட போன்ல நா அழுதத அப்பிடியே அழுது காட்டினாங்க." அதைச் சொன்னதற்காகவே பயந்தவள்போலச் சட்டென்று நிறுத்திக்கொண்டாள். "மல்லாட்ட வேணுமா? வேணாம்னா தள்ளி நில்லும்மா, யாவாரத்த பாக்கணும்."

ஞானமதி ஒரு படி வாங்கினாள். சவுரியம்மாள் அளந்து போட்டு, காசை வாங்கி முடிந்துகொண்டாள். திண்டிவனம் பஸ் வந்து நின்றது. கூட்டம் முண்டியடித்து ஏறியது. சவுரியம்மாள் கூடையைத் தூக்கிக்கொண்டு, ஜன்னல் ஓரமாகக் கூவிக்கொண்டே, பஸ்ஸின் மறுபக்கமாகப் போய்விட்டாள்.